வியாழக்கிழமைப் பதிவு

"அதை விடும்மா. பார்க்கத்தான் எடுப்பா இருக்கும், ஊசி பட்டதும் நழுவிடும்" என்றாள் அம்மா.

ஊசியோடு குனிந்திருந்த ஆய்வுக்கூடப் பெண்ணுக்கு நெற்றி வியர்த்திருந்தது. ஏற்கெனவே இரண்டு இடத்தில் குத்திப் பார்த்தாகிவிட்டது. அவளை அனுப்பிவிட்டு வேறு யாரையாவது கூப்பிடலாமா என்று கட்டில் ஓரத்தில் நின்றிருந்த மகள் யோசித்துக்கொண்டிருந்தாள். அம்மா விடுவதாக இல்லை. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, சொல்லுக்குச் சொல் காற்றை இழுத்துக்கொண்டு, பாடம் நடத்தினாள்.

"கட்டைவிரலால தோலைக் கீழ இழுத்துப் பிடி. தோல் இறுகினா நரம்பு நகராது. கண்ணால தேடாத, விரலால தேடு. அமுக்கி விட்டா எழும்பி வரும் பாரு, அதான் நரம்பு. எழும்பாம கெட்டியா இருந்தா அது தசைநார்."

பெண் விரலால் தேடினாள். கிடைத்தது. குழாயில் ரத்தம் ஏறியது.

"அவ்வளவுதான். எங்க படிச்ச?"

பெண் ஏதோ ஒரு கல்லூரியின் பெயரைச் சொன்னாள்.

"அதானே பார்த்தேன். எங்ககிட்ட படிச்சிருந்தா முதல் குத்துலயே எடுத்திருப்ப" என்றாள் அம்மா. பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரத்தம் ஏறிய குழாயை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திக்கொண்டே வெளியே போனாள்.

இது புதன்கிழமை காலை. அந்த ரத்தத்தில் என்ன இருந்தது என்கிற தாள் மாலையில் வந்து சேர்ந்தபோது, அதைப் படித்துச் செய்வதற்கு யாருக்கும் எதுவும் மிச்சமிருக்கவில்லை.

பெண் போனதும் அம்மா சொன்னாள்: "நாளைக்கு வியாழன்."

"தெரியும்மா. ஒரு வாரம் வராட்டி ஒண்ணும் முழுகிப் போகாது."

"முழுகிடும். போனை எடு."

மகள் எடுத்தாள். மூன்று மாதமாக இதுதான் வழக்கம். அம்மா சொல்லச் சொல்ல இவள் தட்டுவாள். அம்மாவின் வலைப்பூ அப்படித்தான் கட்டிலிலிருந்து வெளியே போய்க்கொண்டிருந்தது.

ஆய்வுக்கூட நுட்பப் பட்டப்படிப்புக்கு அம்மா தலைவர். மனித உடம்பிலிருந்து வெளியே வருகிற ரத்தம், சளி, சிறுநீர் எல்லாவற்றையும் வாங்கிச் சோதித்து, உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லும் ஆட்களைத் தயாரிக்கிற படிப்பு அது. அதற்குத் தலைவர் என்றால் பெரிய அதிகாரம் போல என்று வெளியாட்கள் நினைப்பார்கள். மேலே எடுக்கிற முடிவைக் கீழே சொல்ல வேண்டும், கீழே கிளம்புகிற கோபத்தை மேலே சொல்ல வேண்டும், இரண்டு இடத்திலும் திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வேலை அவ்வளவுதான்.

அவள் தலைவரான முதல் வருடம் ஒரு விதி மாறியது. ஆய்வுக்கூட வகுப்புக்கு ஒரு நாள் வராமல் போனாலும் அதை ஈடுசெய்தாக வேண்டும், இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. முடிவெடுத்தவர்கள் இதை ஓர் ஆசிரியரிடம் சொன்னார்கள். அவர் வகுப்பில் இருந்தவர்களிடம் சொன்னார். அவர்கள் விடுதியில் சொன்னார்கள். தினமும் ரயிலில் வந்து போகிற பிள்ளைகளுக்கு மட்டும் விஷயம் போய்ச் சேரவில்லை. அவர்களுக்கு ஒரு வருடம் வீணாயிற்று. அம்மா அறை அறையாகப் போய்க் கேட்டாள். எல்லா அறையிலும் ஒரே பதில்: "சொன்னோமே." யார் சொன்னது, யாரிடம், என்றைக்கு என்று கேட்டால் மோட்டுவளையைப் பார்த்தார்கள். ஆனால் சொன்னோமே.

அந்த ஒரு சொல்லுக்கு எதிராகத்தான் அம்மா எழுத ஆரம்பித்தாள். வியாழக்கிழமைதோறும், காலையில், யார் வேண்டுமானாலும் பார்க்கிற இடத்தில். இந்த வாரம் என்ன முடிவாயிற்று, ஏன் அப்படி முடிவாயிற்று. கடைசியில் எப்போதும் பெயர்கள்: யார் யார் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள், அதில் யார் வேண்டாம் என்றார்கள்.

பிடிவாதக்காரியின் எழுத்து என்றாலும் கடுகடுவென்று இருக்காது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று சொல்வதில் அம்மாவுக்கு அப்படியொரு ஆசை. பாட அட்டவணையில் செவ்வாய் மதியம் ஏன் காலியாகக் கிடக்கிறது என்று முழுப் பதிவு ஒன்று எழுதியிருக்கிறாள். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற இயந்திரம் கல்லூரியில் ஒன்றுதான். எடுத்த ரத்தம் கொஞ்ச நேரம் சும்மா நின்று உறைய வேண்டும், அப்புறம்தான் அதைச் சுழற்றலாம், அவசரப்பட்டால் மாதிரி கெட்டுவிடும். ஆகவே ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் நடுவில் இடைவெளி. வாரம் முழுக்கச் சேர்ந்த இடைவெளிகளெல்லாம் தள்ளிக்கொண்டே வந்து விழுகிற இடம் செவ்வாய் மதியம். அதைப் படித்த பிறகு பிள்ளைகள் அட்டவணையைத் திட்டுவதை விட்டுவிட்டார்கள். அம்மாவுக்கு 'வியாழன்' என்று பெயர் வைத்தார்கள். எந்த வதந்தி கிளம்பினாலும் "வியாழன் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்" என்பார்கள்.

மகளுக்கு அந்த வலைப்பூவோடு வேறு ஒரு வழக்கு இருந்தது.

அவளும் அதே கல்லூரியில்தான், வேறு துறையில், வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் பாடம் நடத்தினாள். போன தடவை நிரந்தர இடம் ஒன்று காலியானபோது விண்ணப்பித்தாள். தேர்வுக் குழுவில் அம்மா இருந்தாள். அந்த வியாழக்கிழமை வலைப்பூவில் ஒரு வரி வந்தது: 'விண்ணப்பித்தவர்களில் என் உறவினர் ஒருவர் இருப்பதால் குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' அம்மாவின் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்தார். வேலை அவருக்குத் தெரிந்த ஒருவருக்குப் போயிற்று. அம்மாவின் இடத்தில் உட்கார்ந்தவருக்கு வலைப்பூ இல்லை.

"மகள்னாவது எழுதியிருக்கலாமே?" என்று அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் கேட்டாள்.

"மகள்னு எழுதினா உனக்காகச் சலுகை கேக்கற மாதிரி இருக்கும்."

அம்மா செய்தது சரி என்பதில் இவளுக்கே சந்தேகம் கிடையாது. அதுதான் இன்னும் எரிச்சல். மறுநாளிலிருந்து ஆசிரியர் அறையில் அவளுக்கு அதுவே பெயராயிற்று. "டீ வந்தாச்சு. உறவினர் ஒருவருக்கு ஒரு கப் ஊத்துப்பா." அவளும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பழகிக்கொண்டாள்.

"எழுது" என்றாள் அம்மா. "அந்தச் சம்மதத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அம்மா எப்போதும் காரணத்தில் தொடங்கி, படி படியாக ஏறி, கடைசியில்தான் முடிவுக்கு வருவாள். இன்றைக்குத் தலைகீழாக இருந்தது.

"ஏன்னு முதல்ல சொல்லலையா?"

"மூச்சு இருந்தா சொல்றேன். முதல்ல இதைப் போட்டு வை."

ஏன் என்பது மகளுக்குத் தெரிந்ததுதான். கடைசி வருடப் பிள்ளைகள் ஆறு மாதம் ஒரு மருத்துவமனையில் நின்று, நிஜமான நோயாளிகளிடம் ரத்தம் எடுத்துப் பழக வேண்டும். அந்த மருத்துவமனை இந்த வருடம் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. கல்லூரி அதற்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கைகள் வாங்கியது. ரப்பர் குழாய்க்குள் சிவப்புத் தண்ணீர். எல்லாக் கையிலும் நரம்பு ஒரே இடத்தில் இருக்கும், ஓடாது, ஒளியாது. ஊசி பிடிக்க உரிமம் தருகிற மன்றமோ பிளாஸ்டிக் கையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பட்டம் கிடைக்கும், உரிமம் கிடைக்காது. ஆனால் மாற்றுப் பயிற்சிக்குச் சம்மதம் என்று பிள்ளைகளே எழுதிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு யாரும் கல்லூரியைக் கேட்க முடியாது. அம்மா மருத்துவமனையில் சேர்ந்த பிறகு கூடிய கூட்டத்தில் இதை முடிவு செய்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் தாள் வந்தாக வேண்டும். இதுவரை ஒருவரும் போடவில்லை. "வியாழன் வரட்டும் சார்" என்று வகுப்புப் பிரதிநிதியான பெண் கல்லூரி முதல்வரிடமே சொல்லிவிட்டாளாம்.

"ஏனென்றால்..." என்று அம்மா தொடங்கினாள். தொடங்கிய இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டாள். மார்பு ஏறி இறங்கியது. "மத்தியானம் முடிப்போம். முடியாட்டி இப்படியே போட்டுடு."

"அரைகுறையாவா?"

"அரைகுறையாத்தான்."

அதுதான் அம்மா அவளிடம் பேசிய கடைசிப் பேச்சு. மதியம் மருந்து மாற்ற வந்த செவிலி கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஓடிப் போய் மருத்துவரை அழைத்து வந்தாள். திரையை இழுத்தார்கள். அப்பா கேன்டீனிலிருந்து வருவதற்குள் திரையை மறுபடி விலக்கிவிட்டார்கள்.

மாலையில் முதல்வரே நேரில் வந்தார். வண்டி, பிணவறைச் சீட்டு, தகனக் கூடத்தில் நேரம் எல்லாவற்றையும் அவரே நின்று முடித்துக் கொடுத்தார். எல்லாம் முடிந்த பிறகு கீழ்த்தளத்தில் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் மகளை உட்கார வைத்து, ஒரு கோப்பையை நீட்டினார். அவர் கண் சிவந்திருந்தது. நடிப்பில்லை.

"நானும் உங்க அம்மாவும் ஒரே நாள்ல வேலைக்குச் சேர்ந்தோம். என்னோட அவங்க போட்ட சண்டையை எல்லாம் எழுதி வச்சிருந்தா ஒரு அலமாரி பத்தாது."

"எழுதித்தான் வச்சிருக்காங்க சார்."

அவர் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கும் வியாழன்தாம்மா. கடைசியா ஏதாவது சொன்னாங்களா?"

"ஆரம்பிச்சாங்க. முடிக்கலை."

"அப்ப நீங்க முடிக்கலாமே." அவர் கோப்பையை உருட்டிக்கொண்டிருந்தார். "மாற்றுப் பயிற்சி அப்படியொண்ணும் மோசமில்லை, மன்றத்தோட பேசிக்கிட்டு இருக்காங்க, பயப்படாம போடுங்கன்னு நாலு வரி. நான் எழுதினா அது சுற்றறிக்கை. மடிச்சுப் பையில வச்சுப்பாங்க. அவங்க எழுதினா படிப்பாங்க."

"அம்மா இதை ஒத்துக்கலை சார்."

"ஒத்துக்கலைதான். என்னைப் போன்லயே கிழி கிழின்னு கிழிச்சாங்க. ஆனா வேற ஆஸ்பத்திரி எங்க இருக்குன்னு அவங்களாலயும் சொல்ல முடியலையே? வகுப்பையே மூடுன்னு மேலேர்ந்து சொல்வாங்க. அது பரவாயில்லையா?"

"என்னால முடியாது சார்."

"உங்களாலதான் முடியும். மூணு மாசமா யார் தட்டறதுன்னு எனக்குத் தெரியாதா? ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியலையே." எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். போகிற போக்கில், பெருமூச்சோடு சொன்னார்: "நிரந்தரப் பட்டியல் அடுத்த வாரம் குழுவுக்குப் போகுது. இந்தத் தடவை விலகிக்கறதுக்கு யாரும் இல்லை."

மிரட்டலாகச் சொல்லவில்லை. துக்கம் விசாரிக்கிற அதே குரல்தான். இரண்டடி போய்த் திரும்பி, "பேரெல்லாம் போட்டு நீட்ட வேண்டாம். சுருக்கமா, பாசமா" என்றார்.

வியாழக்கிழமை காலை, வண்டியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது, அம்மாவின் அந்த அரைகுறை வரியை அப்படியே போட்டுவிடுவது என்று மகள் முடிவு செய்திருந்தாள்.

தகனக் கூடம் ரயில் நிலையம் மாதிரி இருந்தது. சுவரில் திரை, திரையில் பெயர்கள், பெயருக்கு நேரே நேரம். "சாகறதுலயும் டோக்கனா?" என்றாள் சித்தி, அம்மாவின் தங்கை. "எங்கக்கா இருந்திருந்தா இது எப்படி ஓடுதுன்னு கேட்டு அதையும் எழுதியிருப்பா." அது உண்மைதான். அம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பாள். கூடத்தின் கோடியில் இரண்டு இரும்புக் கதவுகள். கதவு வரைக்கும் உருளைகள் பதித்த மேடை. பெட்டியை மேடையில் வைத்து லேசாகத் தள்ளினால் போதும், பாரம் தன்னாலேயே நகரும். உள்ளே முதலிலேயே சூடேற்றி வைத்திருப்பதால் கதவைத் திறந்து வைக்கிற நேரம் குறைவாக இருக்க வேண்டும். அதனால்தான் தள்ளுகிறவர்கள் அவசரப்படுவது போலத் தெரிகிறது. அவர்களுக்கு மரியாதை தெரியாமல் இல்லை. சூடு வெளியே போகக் கூடாது.

பிள்ளைகள் கூட்டமாக வந்திருந்தார்கள். கடைசி வருடம் மொத்தமும் இருந்தது. வகுப்புப் பிரதிநிதி, முடியைக் கத்தரித்துக்கொண்ட உயரமான பெண், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். ஆசிரியர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் தண்ணீர் எடுக்கப் போகும்போது அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

"யாருங்க அது, கறுப்புச் சட்டை?" என்று புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டார்.

"தெரியாதா? உறவினர் ஒருவர்."

யாரோ மூக்கால் சிரிப்பை அடக்கினார்கள். உடனே அடக்கியதற்காக வெட்கப்பட்டு இருமினார்கள்.

மகள் தண்ணீர் பிடித்தாள். குடித்தாள். கோப்பையைக் கசக்கிக் கூடையில் போட்டாள். பக்கத்து நடைக்குள் போய்ச் சுவரில் சாய்ந்து போனைத் திறந்தாள். 'அந்தச் சம்மதத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏனென்றால்' என்று வரி அப்படியே நின்றிருந்தது. கடைசியாகப் பேச இருந்த மூச்சு அவ்வளவுதான் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் அதை முப்பது நாற்பது பேருக்குக் கொடுத்தாள். கட்டில் பக்கத்தில் நின்றவளுக்கு அதில் ஒரு சொல்கூட இல்லை.

அந்த வரியை அழித்தாள்.

எழுதுவது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். தண்ணீர் மாதிரி வந்தது.

'இந்த வாரம் பிளாஸ்டிக் கையைப் பற்றிச் சொல்கிறேன். அதாவது, அது எப்படி வேலை செய்கிறது என்று. மேலே சிலிகோன் தோல். அடியில் ரப்பர் குழாய். ஊசி சரியான சாய்வில் போனால் சிவப்புத் தண்ணீர் வரும், பிசகினால் வராது. அதற்கு வலிக்காது. வலிக்காது என்று தெரிந்தால் உங்கள் கை நடுங்காது. நடுங்காத கைதான் எதையும் கற்றுக்கொள்ளும். மருத்துவமனைக் கதவு மூடியிருக்கிறது என்பதற்காக வாசலிலேயே நின்றுகொண்டிருந்தால் வருடம்தான் போகும். வருடம் போவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், ரயிலில் வந்த பிள்ளைகளை நான் மறக்கவில்லை. மன்றத்தோடு பேச்சு நடக்கிறது. நம்பிக் கையெழுத்துப் போடுங்கள். ஒவ்வொருவருடைய கையும் எனக்கு நினைவிருக்கிறது.'

திரும்பப் படித்துப் பார்த்தாள். அந்த ரயில் பிள்ளைகள் தாங்களாகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மா எழுதியிருந்தால் இதைவிட நன்றாக எழுதியிருக்க முடியாது. கடைசியில் பெயர்கள் வர வேண்டிய இடத்தில் கொஞ்ச நேரம் விரல் நின்றது. வேண்டாம் என்று சொன்னவர்கள் வரிசையில் ஒரே ஒரு பெயர்தான் வரும், அம்மாவுடையது. அந்த இடத்தை விட்டுவிட்டு அனுப்பினாள்.

கூடத்துக்குத் திரும்பி வந்தபோது போன்கள் பைக்குள் அதிர ஆரம்பித்திருந்தன. ஒன்று, பிறகு பக்கத்தில் ஒன்று, பிறகு வரிசை முழுக்க. துக்க வீட்டில் போன் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கி எடுத்தவர்கள், எடுத்த பிறகு தலை நிமிரவில்லை. ஒரு பையன் முகத்தை முழங்கையில் புதைத்துக்கொண்டான். பிரதிநிதிப் பெண் எழுந்து நேரே இவளிடம் வந்தாள்.

"மேடம், எங்க மேடம் நேத்தா இதைச் சொன்னாங்க?"

"ஆமா. காலையில."

"அந்த நிலைமையிலயுமா?" பெண் போனை மறுபடி ஒரு தடவை பார்த்தாள். "அவங்க கையெழுத்து வேண்டாம்னுதான் சொல்வாங்கன்னு எங்களுக்குத் தோணிச்சு. நாங்கதான் பயந்துட்டு இருந்திருக்கோம், இல்ல?"

மகள் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள். அதைத் துக்கம் என்று அந்தப் பெண் எடுத்துக்கொண்டாள். முதல்வர் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் திரும்பாமல், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

திரையில் அம்மாவின் பெயர் மேலே ஏறியது. ஆட்கள் வந்தார்கள். உருளை மேல் பெட்டி சத்தமில்லாமல் போயிற்று. கதவு திறந்தது, மூடியது. சித்தி மட்டும் சத்தமாக அழுதாள்.

காத்திருக்கிற அறையில் அப்பா போனை எடுத்து வைத்துக்கொண்டார். மருந்துக் கடை நடத்திய காலத்திலிருந்தே அவருக்குச் சின்ன எழுத்து ஆகாது. எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒரு திரைக்கு நான்கு சொல் வருகிற மாதிரி வைத்திருந்தார். வியாழக்கிழமைதோறும் காபியோடு அப்படித்தான், விரலால் தள்ளித் தள்ளி, முழுப் பதிவையும் படிப்பார். இன்றைக்கும் படித்தார். நிறைய நேரம் ஆயிற்று.

"பிரமாதமா எழுதியிருக்கா" என்றார். இன்னும் தள்ளினார். அடிவரைக்கும் போய், மேலே வந்து, மறுபடி அடிக்குப் போனார். "பேர் போடலையே?"

"முடிக்கலை போலப்பா."

"ம்." கண்ணாடியைக் கழற்றினார். "நீதானே தட்டின?"

"ஆமாப்பா. அம்மா சொல்லச் சொல்ல."

"மூக்குல குழாயோட இவ்வளவு நீளமா பேசினாளா?"

மகள் எதிரே இருந்த நாற்காலியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே எங்கோ விசிறி ஓடுகிற சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அவர் போனைச் சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானை மாட்டினார்.

"காலையிலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடலை. போய் ஒரு காபியாவது குடி" என்றார்.

வெளியே வண்டிகள் நிற்கிற இடத்தில் வெயில் அடித்தது. பிள்ளைகள் இன்னும் போகவில்லை. பிரதிநிதிப் பெண் பையிலிருந்து தாள்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு ஒருமுறை அலைவானேன், முதல்வர் இங்கேயே இருக்கிறார், கையோடு கொடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். வைத்து எழுத மேஜை இல்லை. ஒருவர் முதுகில் ஒருவர் தாளை வைத்து வரிசையாகக் குனிந்து நின்றார்கள். ஒரே பேனா கை மாறி கை மாறிப் போயிற்று. "டேய், கூசுதுடா, சீக்கிரம் போடு" என்று யாரோ சொல்ல, சிரிப்பு ஒன்று கிளம்பி, இடம் நினைவு வந்து அடங்கியது.

போட்டு முடித்தவர்கள் நகர்ந்து போனார்கள். எல்லோருடைய தாளையும் வாங்கி அடுக்கிக்கொண்ட பிரதிநிதி தன்னுடையதைக் கடைசியாக எடுத்தாள். சுற்றிலும் பார்த்தாள். முதுகு எதுவும் மிச்சமில்லை.

"மேடம், கொஞ்சம் திரும்பறீங்களா?"

மகள் திரும்பி நின்றாள். எதிரே தகனக் கூடத்தின் புகைபோக்கி. புகை எதுவும் வரவில்லை. அதன் வாய்க்கு மேலே காற்று மட்டும் நெளிந்துகொண்டிருந்தது. முதுகில் தாள் வந்து ஒட்டியது. நழுவாமல் இருக்க அந்தப் பெண் இடது கையால் இவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். சட்டைத் துணி வழியாகப் பேனா முனை இறங்கியது. முதலில் பெயர், நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக. பிறகு தேதி.

"அசையாதீங்க மேடம்" என்றாள் அந்தப் பெண்.

அவள் அசையவில்லை.